விதைக் கிடங்கில் பவர் பிரஸ் இல்லை

ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மாநில அரசின் சிறுதொழில் புதுமைத் திட்டத்தில் தேர்வான இருபத்துநான்கு நிறுவனங்களின் பட்டியல் வெளியானது. பதினேழாவது வரியில் ஆனந்தவல்லியின் நிறுவனம் இருந்தது. புனேவை ஒட்டிய போசரி தொழிற்பேட்டையின் கடைசிச் சந்தில், ரப்பர் கம்பெனி ஒன்றை ஒட்டிய தகர ஷெட் அவளுடையது. ஒரு கண்ட்ரோல் பேனலுக்குள் தலையை விட்டு ஒயர்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தபோது கணவன் ராஜாவிடமிருந்து போன் வந்தது.

"வல்லி, லிஸ்ட்டு பாத்தியா? பதினேழு."

"நெசமாவா?"

"உன் பேரு, கம்பெனி பேரு, ஹஸ்த ரக்ஷக்கு, எல்லாம் கீது."

'ஹஸ்த ரக்ஷக்' என்பது விண்ணப்பத்துக்காக வைத்த பெயர். வீட்டில் அதைக் கைக்காவல் என்றுதான் சொல்வார்கள்.

ஆனந்தவல்லி பிறந்தது புனேவின் கட்கியில். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த அப்பா அங்கே ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அவள் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்து, பேனல் செய்யும் கம்பெனி ஒன்றில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு, நான்கு வருடத்துக்கு முன்பு சொந்தமாக இந்த ஷெட்டைப் பிடித்தாள். ராஜா அதே போசரியில் தேவ்கர் என்பவரின் பிரஸ் ஷாப்பில் மெஷினுக்கு அச்சு பொருத்தும் டூல் செட்டர். வாஷர், பிராக்கெட் போன்ற சின்னச் சின்னத் தகட்டுச் சாமான்களை அடித்துத் தள்ளும் பவர் பிரஸ்கள் அங்கே பதினொன்று இருந்தன. ஆள் பெடலை மிதித்தால் மேலிருந்து அச்சு இறங்கும். தகட்டை உள்ளே வைத்த கையை வெளியே எடுப்பதற்குள் கால் மிதித்துவிட்டால், கை போயிற்று. வருடத்துக்கு ஒருமுறையாவது யாரையாவது ரிக்ஷாவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவது ராஜாவுக்கு வழக்கமாகிப் போயிருந்தது.

வெளிநாட்டுப் பாதுகாப்புக் கருவிகள் சந்தையில் உண்டு. ஆனால் அவை புது மாதிரி பிரஸ்களுக்கானவை. தேவ்கரிடம் இருப்பது போன்ற பழைய பிரஸ்களில், அச்சை இறக்கும் கிளட்ச் ஒருமுறை பிடித்துவிட்டால் பாதியில் நிறுத்த முடியாது. ஆனந்தவல்லி யோசித்த வழி வேறு. கை உள்ளே இருக்கும்வரை பெடலை எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் கிளட்ச் பிடிக்கவே கூடாது. அதற்கு ஒரு சென்சார், ஒரு பூட்டு ஊசி. மிதிக்காமலே பிரஸ் தானாக இரண்டாம் தடவை இறங்குவதும் உண்டு. அதைத் தடுக்க ஒரு கொக்கி. எந்தப் பழைய பிரஸ்ஸிலும் இரண்டு மணி நேரத்தில் மாட்டிவிடலாம். செய்து முடிக்க அவளுக்கு இரண்டு வருடம் ஆனது.

செய்ததை விற்க முடியவில்லை. தேவ்கர் உட்பட ஒன்பது பிரஸ் ஷாப் முதலாளிகள் பார்த்தார்கள். ஒன்பது பேரும் நல்லா இருக்கு என்றார்கள். ஒன்பது பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "சர்ட்டிஃபிகேட் இருக்கா?" அவர்களிடம் சரக்கு வாங்கும் பெரிய வண்டிக் கம்பெனிகளிலிருந்து வருடத்துக்கு இரண்டு முறை தரமும் பாதுகாப்பும் பார்க்க ஆடிட்டர் வருவார். அங்கீகாரம் இல்லாத எதையாவது மெஷினில் மாட்டியிருந்தால் அதையே குற்றமாக எழுதிவிட்டுப் போவார்.

அரசின் திட்டம் தருவதாகச் சொன்னதும் அந்தச் சான்றிதழைத்தான். தேர்வான கருவியை ஏதாவது ஒரு அரசு அலுவலகத்தில் ஒரு வருடம் ஓட்டிக் காட்ட வேண்டும். ஒழுங்காக ஓடியது என்று அந்த அலுவலகம் எழுதிக் கொடுத்தால் மாநில அரசின் முத்திரையோடு சான்றிதழ் வரும். அதனால்தான் அன்று மதியம் ஷெட்டில் வேலை செய்யும் இரண்டு பெண்களுக்கும் வடாபாவ் வாங்கிக் கொடுத்தாள்.

ஜூலையில் கடிதம் வந்தது. அவளுடைய கருவியைச் சோதிக்க ஒதுக்கப்பட்ட இடம், சிவாஜிநகரில் இருக்கும் விதைச் சேமிப்புப் பிரிவு.

அவள் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். விதைக் கிடங்கில் பிரஸ் எதற்கு? மூட்டைக்குத் தகட்டு வில்லை ஏதாவது அடிப்பார்களோ என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, கருவியைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

அந்தப் பிரிவின் துணை இயக்குநர் ராஜஸ்ரீ என்ற பெண்மணி. ஐம்பது வயது இருக்கும். மேசை மேல் ஒரு தட்டில் கொண்டைக்கடலை மாதிரிகளைப் பரப்பி வைத்திருந்தார். ஆனந்தவல்லி மராத்தியில் விளக்கியதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார்.

"இது நல்ல பொருளாத்தான் தெரியுது," என்றார். "ஆனா எங்ககிட்ட பிரஸ் இல்லையே."

"ஒண்ணுகூட இல்லையா மேடம்?"

"எங்ககிட்ட மூட்டை இருக்கு. தராசு இருக்கு. சாக்குத் தைக்கிற மெஷின் நாலு இருக்கு. அதுல மாட்ட முடியுமா?"

"முடியாது மேடம்."

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு." அவர் ஒரு கடலையை எடுத்து விரலில் உருட்டினார். "நான் தானியத்துல ஈரம் பாக்கிற மீட்டர் கேட்டு எழுதியிருந்தேன். அதுக்குப் பதிலா உங்களை அனுப்பியிருக்காங்க."

ஆனந்தவல்லிக்குச் சட்டென்று ஏதோ உறைத்தது. போனில் ஒதுக்கீட்டுப் பட்டியலைத் திறந்தாள். பதினெட்டாவது வரியில் தானிய ஈரமானி. பாணேரில் இருக்கும் ஒரு நிறுவனம். அதற்கு ஒதுக்கப்பட்ட இடம் ஐடிஐ எனப்படும் அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்று. அங்கே பிரஸ் இருக்கும். பட்டியல் தட்டியவர் கடைசிப் பத்தியில் ஒரு வரி மாற்றித் தட்டிவிட்டார், அவ்வளவுதான். ராஜஸ்ரீயும் எட்டிப் பார்த்துத் தலையில் லேசாகத் தட்டிக்கொண்டார்.

"ஒரு போன் போட்டா சரியாயிடும்," என்றார் அவர். அப்போது இருவருமே அதை நம்பினார்கள்.

திட்டத்தின் உதவி எண்ணில் முதல் நாள் பேசிய பையன் மின்னஞ்சல் அனுப்பச் சொன்னான். மின்னஞ்சலுக்கு எட்டு நாள் கழித்து, ஒதுக்கீடு குழுவால் இறுதி செய்யப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. குழு செய்ததில் தப்பில்லை, தட்டச்சில்தான் தப்பு என்று அவள் மறுபடி எழுதினாள். அதற்கும் அதே பதில், எழுத்து மாறாமல். மும்பைக்கு நேரில் போனாள். அங்கே ஒரு அதிகாரி பொறுமையாகக் கேட்டு, இது புனே அலுவலகம் பார்க்க வேண்டியது என்றார். புனே அலுவலகத்தில், பட்டியல் மும்பையில் போட்டது என்றார்கள்.

இதற்கிடையில் அந்தப் பதினெட்டாம் ஆளைத் தேடிப் பிடித்தாள். பெயர் தருண். முப்பது வயது. பாணேரில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கண்ணாடிக் கதவு போட்ட அலுவலகம். அவன் அப்பா வங்கி வேலையில் மாற்றலாகி வந்து புனேவிலேயே தங்கிவிட்டவர்.

"உங்க பேர் பாத்தே நினைச்சேன், தமிழா இருப்பீங்கன்னு," என்றான். "என் தமிழ் கொஞ்சம்... டூட்டா ஃபூட்டா, அரைகுறை. சாரி அக்கா."

"பரவால்ல. ஐடிஐயில உங்க மீட்டர வச்சி இன்னா பண்றாங்க?"

"அந்த சார், பன்சோடே சார், ரொம்ப நல்லவர். வேஸ்ட் பண்ணக் கூடாதுன்னு டீ பவுடர்ல வச்சி ரீடிங் எடுக்கிறார். டெய்லி." அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

நான்கு பேரும் கையெழுத்துப் போட்டு ஒரு மனு தயாரானது. ஆனந்தவல்லி, தருண், ராஜஸ்ரீ, பயிற்சி நிலையத்தின் முதல்வர். இவர் கருவி அங்கே, அவர் கருவி இங்கே. யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆகஸ்டில் கொடுத்த மனுவுக்கு செப்டம்பர் கடைசியில் பதில் வந்தது. கோரிக்கை நியாயமானது. ஆனால் ஒதுக்கீட்டை மாற்றும் அதிகாரம் குழுவுக்கு மட்டுமே உண்டு. குழு அடுத்து கூடுவது ஜூன் மாதம். சோதனை ஓட்டத்தை மே முப்பத்தொன்றுக்குள் முடிக்க வேண்டும்.

அன்று ஷெட்டுக்கு வந்த ராஜா அந்தத் தாளைப் படித்துவிட்டு மேசை மேல் போட்டான்.

"நாயம்னும் சொல்றான், முடியாதுன்னும் சொல்றான். நம்ம யார்கிட்ட போயி கேக்கறது?"

"யார்கிட்டயும் கேக்கப் போறதில்ல. நாங்களே மாத்திக்கப் போறோம்."

"அப்பால சர்ட்டிஃபிகேட் தர மாட்டேன்னா?"

"வேல செஞ்சி காட்டினா எப்படித் தராம போவாங்க?"

அக்டோபர் முதல் வாரத்தில் அவள் பயிற்சி நிலையத்துக்குக் கருவியைக் கொண்டுபோனாள். பன்சோடே பிரஸ் பிரிவின் ஆசிரியர். அவளை மராத்தி வழக்கப்படி அக்கா முறை வைத்தே பேசினார். முப்பது வருடப் பழைய பிரஸ் ஒன்றைத் துடைத்து, எண்ணெய் போட்டு, தயாராக வைத்திருந்தார்.

முதல் மாதம் படுத்தி எடுத்தது. எண்ணெய்ப் புகை சென்சார் கண்ணாடியில் படிந்து, கையே இல்லாதபோதும் கை இருப்பதாக நினைத்துக்கொண்டு கருவி பிரஸ்ஸைப் பூட்டியது. மாணவர்கள் பெடலை மிதித்து மிதித்து அலுத்தார்கள். அவள் ஒரு மெல்லிய குழாய் வைத்துக் கண்ணாடி மேல் காற்று ஊதிக்கொண்டே இருக்கும்படி செய்தாள். அதற்குப் பிறகு தொந்தரவு இல்லை. ஜனவரியில் ஒருநாள் பன்சோடேயே கூப்பிட்டார்.

"இன்னிக்குக் காலையில பிரஸ் தானா ரெண்டாவது தடவை இறங்கப் பாத்துது," என்றார். "உங்க கொக்கி பிடிச்சிடுச்சு. அந்த நேரம் ஒரு பொண்ணு தகட்டை எடுக்கக் கையை உள்ள விட்டிருந்தா. அவளுக்கு நடந்ததே தெரியாது. நான் பாத்தேன்."

ஆனந்தவல்லி போனை வைத்துவிட்டு வெளியே போய், ரப்பர் கம்பெனி வாசலில் சிறிது நேரம் நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

மே மாதம் வந்தது. இணையதளத்தில் நிறைவுப் படிவம் திறந்தது. அதில் அலுவலகத்தின் பெயரை மாற்ற முடியாது, ஏற்கெனவே அச்சாகியிருந்தது. 'மேற்படி கருவி எங்கள் அலுவலகத்தில் நிறுவப்பட்டுத் திருப்திகரமாக இயங்கியது' என்ற வரிக்குக் கீழே, ஒதுக்கப்பட்ட அலுவலகத்தின் அதிகாரி கையெழுத்திட வேண்டும்.

தருணின் படிவம் ஒரே நாளில் முடிந்தது. பயிற்சி நிலையத்தின் முதல்வர் அடுக்கி வைத்த காகிதங்களோடு அதையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். எட்டு மாதமாக விதைக் கிடங்கில் ஓடிய ஈரமானி, பயிற்சி நிலையத்தில் திருப்திகரமாக இயங்கியதாகச் சான்று பெற்றது.

ஆனந்தவல்லி ராஜஸ்ரீயிடம் போனாள். அவர் படிவத்தை மெதுவாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இதுல நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

"மேடம், அது வேலை செய்யுது. நீங்களே போய்ப் பாத்தீங்க."

"பாத்தேன். அங்க வேலை செய்யுது. இங்க வேலை செஞ்சுதுன்னு இதுல எழுதியிருக்கு."

"தருணுக்கு அங்க போட்டுக் கொடுத்துட்டாங்க."

"அவர் படிச்சிருக்க மாட்டார். நான் படிச்சிட்டேன்."

"உண்மையை எழுதிக் கொடுங்க மேடம். ஐடிஐயில ஓடுச்சுன்னு."

"எழுதினேன். போன வாரமே எழுதினேன்." அவர் ஒரு நகலை எடுத்து நீட்டினார். இரண்டு பக்கம். தப்பு எங்கே நடந்தது, யார் யாருக்கு எப்போது தெரிவிக்கப்பட்டது, ஜனவரியில் என்ன நடந்தது எல்லாம் தேதியோடு இருந்தது. "மத்த அலுவலகத்தோட பொருளைப் பத்தி கருத்துச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லைன்னு பதில் வந்திருக்கு."

ஆனந்தவல்லி எழுந்து நின்றாள். குரல் உயர்ந்துவிட்டது. "ஒரு கையெழுத்து மேடம். யாரும் கிடங்குக்கு வந்து பிரஸ் எங்கன்னு தேடப் போறதில்ல. ரெண்டு வருஷம் செஞ்சேன், ஒரு வருஷம் அலைஞ்சேன். நீங்க ஒருத்தர் நேர்மையா இருக்கறதால எனக்கு என்ன கிடைக்குது?"

அடுத்த அறையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். ராஜஸ்ரீ கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அவர் முகம் சிவந்திருந்தது. ஆனந்தவல்லி படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியேறினாள். பஸ்ஸில் பாதி தூரம் வந்த பிறகுதான் தனக்காகப் பொய் எழுத மறுத்த ஒருவரைத் திட்டிவிட்டு வந்திருப்பது உறைத்தது. ஆனாலும் கோபம் குறையவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஜூன் இரண்டாம் தேதி அவளுடைய கோப்பு மூடப்பட்டது. காரணம் என்ற கட்டத்தில், 'அலுவலகம் ஆர்வம் காட்டவில்லை' என்று இருந்தது. அடுத்த வருடம் புதிதாக விண்ணப்பிக்கலாம்.

பன்சோடே கருவியைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். "இதைக் கழட்டிட்டு அந்த பிரஸ்ல பிள்ளைகளை நிக்க வைக்க என்னால முடியாது. வேணும்னா நான் தொலைச்சிட்டேன்னு எழுதிக்குங்க," என்றார். அவளும் கேட்கவில்லை.

ஜூலையில் ராஜா தன் முதலாளியிடம் பேசினான். தேவ்கர் கெட்ட மனிதர் இல்லை. மார்ச் மாதம் அவர் ஷாப்பில் ஒருவனுக்கு ஆள்காட்டி விரல் பாதி போயிருந்தது. அவர் ஒத்துக்கொண்டதை ராஜா சாப்பாட்டு நேரத்தில் ஷெட்டுக்கு வந்து சொன்னான்.

"நாலாம் நம்பர் பிரஸ்ல மாட்டிக்கோன்னார். ஆனா ஒண்ணு கீது."

"இன்னா?"

"ஆடிட்டர் வர்ற அன்னிக்கிக் கழட்டிடணும்."

அவள் சோற்றைப் பிசைந்த கையோடு அவனைப் பார்த்தாள்.

"அவரு இன்னா பண்ணுவாரு வல்லி? அப்ரூவல் இல்லாதத மாட்டிக்கினு இருந்தா மார்க்கு போயிடும். ஆர்டர் போயிடும்."

"சேஃப்டி பாக்க வர்ற ஆளு கண்ணுல படக் கூடாதுன்னு சேஃப்டியக் கழட்டணும்."

"ஆமா."

அவள் மீதியைச் சாப்பிடவில்லை. மறுநாள் கருவியைக் கொண்டுபோய் மாட்டினாள். நாலாம் நம்பரில் வேலை செய்பவள் சுஷ்மா. ஆறு மாதக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருபவள். முதல் நாள் கருவியைச் சந்தேகமாகப் பார்த்தாள். வேண்டுமென்றே ஒரு மரக்கட்டையை உள்ளே வைத்துப் பெடலை மிதித்துப் பார்த்தாள். பிரஸ் அசையவில்லை. இன்னொரு தடவை மிதித்தாள். பிறகு வேலையைத் தொடங்கினாள். மூன்றாம் வாரத்தில் அவள் மற்றவர்களைவிட வேகமாக அடிப்பதாக ராஜா சொன்னான். பயம் இல்லாததால் கை தயங்கவில்லையாம்.

செப்டம்பர் பதினோராம் தேதி ஆடிட். முந்தின நாளே ஆனந்தவல்லி தேவ்கருக்குப் போன் செய்து, அன்று ஒருநாள் நாலாம் நம்பரை நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டாள்.

"நின்ன மெஷினைக் கண்டா, ஏன் நிக்குதுன்னு அதைத்தான் முதல்ல கேப்பான்," என்றார் தேவ்கர் அலுப்பாக. "ஓட்டியே ஆகணும் மேடம்."

"அப்ப சுஷ்மாவை அதுல நிறுத்தாதீங்க. அவ கை இப்ப இதுக்குப் பழகிடுச்சு. கருவி இருக்குன்னு நினைச்சே உள்ள விடுவா."

"சரி, பாக்கறேன்."

மறுநாள் காலை ஏழரைக்கு ராஜா கருவியைக் கழற்றி ஒரு சாக்கில் சுற்றி ஸ்டோர் அறையில் வைத்தான். ஆனந்தவல்லி ஷெட்டில் பேனல் வேலையில் உட்கார்ந்தாள். ஒரே ஒயரை மூன்று முறை தப்பாக இணைத்தாள். பத்து மணிக்குப் போன் செய்தாள், ராஜா எடுக்கவில்லை. பன்னிரண்டுக்கும் எடுக்கவில்லை. வெளியே ஒரு ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டதும் எழுந்து சந்து முனை வரை போய்விட்டாள். அது நாசிக் சாலையில் வேறெங்கோ போனது.

இரண்டு மணிக்கு மேல் அவனே கூப்பிட்டான்.

"முடிஞ்சிடுச்சி. மாட்டிட்டேன்."

"யாருக்கும் ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல."

"நாலுல யாரு நின்னது?"

"சுஷ்மாதான். வேற ஆளு வரல இன்னிக்கி. நான் பக்கத்துலயே நின்னுக்கினேன். ஒவ்வொரு அடிக்கும் கைய எடு, கைய எடுன்னு சொல்லிக்கினே இருந்தேன். அதான் போன் எடுக்கல."

"ஆடிட்டர் இன்னா எழுதினான்?"

"நாலாம் நம்பர், குறை இல்ல."

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். உடம்பெல்லாம் வலித்தது. காலையிலிருந்து ஆறரை மணி நேரம்.

"தேவ்கர் சார் உன்னாண்ட பேசணும்னார்," என்றான் ராஜா. "இன்னும் மூணு வேணுமாம். அஞ்சு, ஆறு, ஒம்பது. அதே கண்டிஷன்."

"நாலையும் கழட்டி மாட்டணும்னா எவ்ளோ நேரமாவும்?"

"ஒண்ணு கழட்டவே முக்கா மணி ஆச்சி. மாட்டறதுக்கு அதவிட ஜாஸ்தி."

"ஆடிட்டர் எத்தினி மணிக்கு வந்தான்?"

"பத்தேகாலுக்கு. இங்க ஒரு மணி நேரம்கூட இல்ல."

"அப்ப மீதி நேரமெல்லாம் சும்மாவே கழண்டு கெடந்திருக்கு."

"ஆமா. இன்னா பண்றது?"

அவள் போனை வைத்தாள். கண்ட்ரோல் பேனலை ஓரமாகத் தள்ளிவிட்டு, கைக்காவலின் வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தாள். பிரஸ்ஸோடு அதைப் பிடித்திருப்பவை ஆறு போல்ட்டுகள். உறுதிக்காகத்தான் ஆறு வைத்திருந்தாள். அதை இரண்டாகக் குறைத்து, மேலே ஒரு தாழ்ப்பாள் போட்டால், ஆடிட்டர் கேட்டுக்குள் நுழைந்த பிறகு கழற்றி, அவர் முதுகைக் காட்டியதும் மாட்டிவிடலாம். ஒயருக்கும் பிடுங்கிச் செருகும் சாக்கெட் வைக்க வேண்டும். நான்கு நிமிடத்தில் முடியும்.

ஷெட்டில் இருந்த பெண்களில் ஒருத்தி, புது டிசைனா என்று கேட்டாள்.

"ஆமா," என்றாள் ஆனந்தவல்லி. பென்சிலை அழுத்தியதில் தாள் கிழிந்தது. இன்னொரு தாளை எடுத்து மறுபடி முதலிலிருந்து போட ஆரம்பித்தாள்.